பள்ளிக்கூடத்துக்கு எத்தனை தூரம்?
லிங்கநகரில் வீடு தேடும் தாய்மாரோடு

காலை ஆறரை மணிக்கு லிங்கநகர் ஒழுங்கைகளில் நின்று பார்த்தால், ஊர் முழுவதும் பள்ளிக்கூடத்துக்காகவே எழும்பியது போல இருக்கும். வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாகப் பெண்பிள்ளைகள் வாசலில் நின்று வானுக்குக் காத்திருப்பார்கள். ஒரே சைக்கிளில் அண்ணன் மிதிக்க, தம்பி முன்னால் பாரிலும் தங்கச்சி பின்னால் கரியரிலும் இருந்து போவார்கள். ஓட்டோ ஒன்றுக்குள் எத்தனை பிள்ளைகள் அடங்குவார்கள் என்பதை எண்ணிப் பார்க்காமல் விடுவதே மனதுக்கு நல்லது. ஏழேகாலுக்குப் பிறகு ஒழுங்கைகள் அடங்கிவிடும். பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்பும் தாய்மார் மட்டும் சந்தியில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வேலைக்கோ வீட்டுக்கோ போவார்கள்.

லிங்கநகர் திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. உவர்மலைப் பக்கமாக, துறைமுகத்தை அண்டிய குடியிருப்பு. பஸ் நிலையத்தில் இறங்கி, அங்கே காலாறத் திரியும் மான்களை விலத்திக்கொண்டு ஓட்டோ பிடித்தால் சிறிது நேரத்தில் வந்துவிடலாம். பெரிய மதில் வைத்த வீடுகளும் இங்கே உண்டு. தகரம் போட்ட ஒற்றையறை வீடுகளும் உண்டு. ஒரு வளவுக்குள் முன்வீட்டில் உரிமையாளரும் பின்னால் இறக்கிய பத்தியில் வாடகைக் குடும்பமும் இருப்பது சாதாரணம்.

சமூக சேவைப் பணியாளராக நான் இந்த ஒழுங்கைகளில் பல வருடங்களாக நடக்கிறேன். வீட்டுத் தரிசிப்புக்குப் போகும் வீடுகளில் பெரும்பாலானவை பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள். "எப்போது இங்கே வந்தீர்கள்?" என்று கேட்டால், பதிலில் இந்த மாவட்டத்தின் சரித்திரமே வரும். 1983 என்பார் ஒருவர், 1990 என்பார் இன்னொருவர். சுனாமிக்குப் பிறகு கடற்கரையே வேண்டாம் என்று வந்தவர்களும், 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்களும் இருக்கிறார்கள். "ஏன் இங்கேயே இருந்துவிட்டீர்கள்?" என்ற அடுத்த கேள்விக்கு மட்டும் பலரிடமிருந்து ஒரே பதில்தான் வரும். "பிள்ளைகளின்ர படிப்புக்காக, மிஸ்."

அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நல்ல பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட வாடகைக்கு இருப்பதா, சொந்தக் காணிக்குத் திரும்பி அங்குள்ள பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா, அல்லது தூரத்தில் இருந்துகொண்டே பிள்ளையைத் தினமும் நகரத்துக்கு அனுப்புவதா? யுத்தம் முடிந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எங்கள் பெண்கள் இராத்திரியில் படுத்துக்கொண்டு யோசிக்கும் கேள்வி இது. கணவன் இருக்கும் வீட்டில் இரண்டு பேர் பங்குபோடும் யோசனையை இங்கே ஒருத்தி தனியே சுமக்கிறாள்.

பெயர் பெற்ற பள்ளிகளும் பக்கத்துப் பள்ளிகளும்

திருகோணமலை நகரத்தில் பழைய பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை. புனித சூசையப்பர் கல்லூரி 1867இல் தொடங்கியது. இன்று ஸ்ரீ கோணேஸ்வர இந்துக் கல்லூரி என்று அழைக்கப்படும் இந்துக் கல்லூரி 1897இலும், ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி 1923இலும் தொடங்கின. புனித மரியாள் கல்லூரி, மெதடிஸ்த மகளிர் கல்லூரி, உவர்மலையில் விவேகானந்தா கல்லூரி என்று இன்னும் பல உண்டு. இவற்றின் பெயரைச் சொல்லும்போதே தாய்மாரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதில் தவறில்லை. தங்கள் காலத்தில் இடம்பெயர்வால் படிப்பை விட்ட பெண்கள், மகளுக்காவது அந்த வாசல் திறக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள்.

எங்கள் நாட்டில் பாடசாலைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உட்பட எல்லாப் பிரிவும் உள்ளவை 1ஏபி வகை. கலை, வர்த்தகம் மட்டும் உள்ளவை 1சி வகை. பதினோராந் தரத்தோடு நிற்பவை 2ஆம் வகை. ஆரம்ப வகுப்புகளை மட்டும் அல்லது எட்டாந் தரம் வரை கொண்டவை 3ஆம் வகை. வீடு தேடும் தாய் முதலில் கேட்க வேண்டியது பள்ளிக்கூடத்தின் பெயரை அல்ல, இந்த வகையைத்தான். முதலாந் தரப் பிள்ளைக்கு 1ஏபி பள்ளியின் விஞ்ஞான ஆய்வுகூடத்தால் ஒரு பயனும் இல்லை. உயர்தரத்தில் உயிரியல் படிக்க விரும்பும் மகளுக்கோ 2ஆம் வகைப் பள்ளி எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் போதாது.

2016இல் அரசாங்கம் 'அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை' என்ற வேலைத்திட்டத்தைத் தொடங்கியது. நல்ல வாசகம்தான். ஆனால் அது உண்மையாக வேண்டுமானால் அண்மையிலுள்ள பாடசாலையில் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் இருக்க வேண்டும். கிராமப் பள்ளிகளில் ஆசிரியர் குறைவதற்கு ஒரு காரணம், அவர்களும் நகரத்தில் வீடு எடுத்துத் தூரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் என்பதுதான். முதல் பஸ் பிந்தினால் முதல் பாடம் போய்விடும். இடமாற்றம் கிடைத்தால் ஆசிரியரே போய்விடுவார். நாம் பிள்ளைக்காக யோசிக்கும் அதே தூரத்தை ஆசிரியரும் தன் பிள்ளைக்காக யோசிக்கிறார். பள்ளிக்கூடத்தின் தரமும் பயணத்தின் தூரமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

சம்பூர் அக்காவின் முடிவு

2016இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சம்பூர்ப் பக்கத்திலிருந்து 2006 ஏப்ரலில் ஓடிவந்து, முகாம்களில் இருந்து, பிறகு லிங்கநகரில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்த ஒரு அக்கா. கணவர் இல்லை. மூன்று பிள்ளைகள். சம்பூர்க் காணிகள் உயர்பாதுகாப்பு வலயம் என்றும் பிறகு கைத்தொழில் வலயம் என்றும் மூடிக் கிடந்தன. 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த மிகுதிக் காணியும் கையளிக்கப்பட்டது. சம்பூர் மகா வித்தியாலயமும் அதோடு விடுபட்டது. பத்து வருடம் காத்திருந்த செய்தி அது. அக்கா அழுதார், கோவிலுக்குப் போய் வந்தார். அடுத்த நாள் என்னிடம் வந்தார்.

"மிஸ், காணி விட்டாச்சு. இனி வாடகை கட்டத் தேவையில்ல. கிணறு கிடக்கு, தோட்டம் செய்யலாம். ஆனா மூத்தவள் இப்பதான் உயர்தரத்துக்குச் சேர்ந்திருக்கிறாள். அவளை என்ன செய்யிற?"

சம்பூரிலிருந்து நகரத்துக்கு வர அக்காவின் கணக்கில் இரண்டு பஸ். முந்திய காலத்தோடு பார்த்தால் இதுகூடப் பெரிய வசதி. அப்போது மூதூரிலிருந்து திருகோணமலைக்கு லோஞ்சில் குடாவைக் கடந்துதான் வர வேண்டும், அல்லது தரைவழியாகப் பாதைகளில் ஏறி இறங்கி, ஒவ்வொரு துறையிலும் காத்துக் கிடக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர் நீளம். 2011இல் மூதூர் வீதியின் மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்தது. பாலங்கள் வந்ததும் 'தூரம்' என்ற சொல்லுக்கே எங்கள் மாவட்டத்தில் பொருள் மாறியது. ஆனாலும் காலைச் சனத்துக்குள் நின்றுகொண்டு வர ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம் போகும் என்று அக்கா சொன்னார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு கொப்பியில் கணக்குப் போட்டோம். போக ஒன்றேகால், வர ஒன்றேகால் என்று குறைத்தே வைத்தாலும் ஒரு நாளைக்கு இரண்டரை மணித்தியாலம். வருடத்தில் ஏறக்குறைய 200 பாடசாலை நாட்கள் என்று வைத்தால் 500 மணித்தியாலம். பாடசாலை நடப்பது காலை ஏழரையிலிருந்து பகல் ஒன்றரை வரை, ஆறு மணித்தியாலம். 500ஐ ஆறால் பிரித்தால் 83. அதாவது எண்பத்து மூன்று பள்ளிக்கூட நாட்களுக்குச் சமமான நேரத்தைப் பிள்ளை பஸ்ஸில் நின்றே கழிப்பாள். லிங்கநகரிலிருந்து போகவர அரை மணித்தியாலம் என்றால், அது வருடத்துக்கு 100 மணித்தியாலம்தான். மிச்சம் 400 மணித்தியாலம். அது படிப்புக்கும் நித்திரைக்கும் உள்ள நேரம்.

அக்கா எடுத்த முடிவு குடும்பத்தைப் பிரிப்பது. மூத்தவளைத் தன் மாமியாரோடு லிங்கநகர் அறையிலேயே விட்டார். தானும் சின்னவர்கள் இரண்டு பேரும் சம்பூருக்குப் போனார்கள். சின்னவர்கள் ஊர்ப் பள்ளிக்கு நடந்தே போனார்கள். மூத்தவள் உயர்தரம் சித்தியடைந்து, கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துக்குத் தெரிவானாள். எல்லாரும் நல்ல முடிவு என்று சொன்னார்கள். அக்காவும் அப்படித்தான் சொல்வார். ஆனால் ஒரு நாள் மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தந்தபோது மெல்லச் சொன்னார்: "அந்த ரெண்டரை வருசம் அவள் எப்பிடி வளர்ந்தாள் எண்டு எனக்குத் தெரியாது மிஸ். காய்ச்சல் வந்தாலும் போனிலதான் கேட்பன்."

இந்தச் செலவை எந்தக் கொப்பியிலும் எழுத இடமில்லை. வீடு தேடும்போது வாடகையையும் பஸ் காசையும் எழுதும் நாம், இதையும் ஒரு வரியாக எழுதிப் பார்க்க வேண்டும்.

பயம் அளக்கும் தூரம்

எங்கள் மாவட்டத்தில் தாய்மார் தூரத்தைக் கிலோமீற்றரில் மட்டும் அளப்பதில்லை. 2006 ஜனவரி 2ஆந் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று தாய்மார். மகன் ரியூஷன் முடிந்து வரக் கால்மணித்தியாலம் பிந்தினாலும் வாசலுக்கு வந்து நிற்பதை அவர்கள் தங்கள் தாயிடமிருந்து பழகினார்கள். இதைப் பலவீனம் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் வீடு தெரியும்போது இந்தப் பயமும் ஒரு செலவு என்று தெரிந்திருக்க வேண்டும்.

சில பயங்கள் நினைவிலிருந்து வருபவை. சில இன்றைய வீதியிலிருந்து வருபவை. 2021 நவம்பர் 23ஆந் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டுவதற்காகப் பழைய பாலத்தை எடுத்த இடத்தில் ஓடிய மிதப்புப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட சிறுவர்கள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். அது நெடுந்தூரப் பயணமல்ல, ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத்தான். தூரம் குறைவாக இருந்தால் வழி பாதுகாப்பாக இருக்கும் என்று நினைக்க முடியாது என்பதை அந்தக் காலை எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போனது.

2022இல் இன்னொரு பாடம் படித்தோம். எரிபொருள் தட்டுப்பாட்டால் பாடசாலைகள் மூடப்பட்டன. யூலை பிற்பகுதியில் திறந்தபோது வாரத்தில் மூன்று நாள்தான் நடந்தன. வான்காரர் கூலியை ஏற்றினார்கள், சிலர் ஓட்டத்தையே நிறுத்தினார்கள். நகரத்துப் பெரிய பள்ளிக்குத் தூரத்திலிருந்து வானில் போன பிள்ளைகள் வீட்டில் நின்றார்கள். பக்கத்துப் பள்ளிக்கு நடந்து போன பிள்ளைகள் அந்த மூன்று நாளும் போனார்கள். நடந்து போகக்கூடிய பள்ளிக்கூடம் கஷ்ட காலத்தில் கைவிடாது.

தூரம் முதலில் யாரைப் பாதிக்கிறது என்பதை மற்ற நாடுகளிலும் பார்த்திருக்கிறார்கள். யுத்தம் கண்ட ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில், சில கிராமங்களுக்குள்ளேயே பள்ளி தொடங்கி, தொடங்காத கிராமங்களோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். பள்ளி கிராமத்துக்குள் வந்ததும் ஆண்பிள்ளைகளும் கூடுதலாகச் சேர்ந்தார்கள். பெண்பிள்ளைகள் அதைவிடக் கூடுதலாகச் சேர்ந்து, ஆண், பெண் இடைவெளியே இல்லாமற் போனது. இந்தியாவின் பீகார் மாநிலத்தில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கக் காசு கொடுத்தார்கள். அந்த வயதுப் பெண்பிள்ளைகளின் சேர்வு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியது. பள்ளிக்கூடம் அதேதான், ஆசிரியரும் அதேதான். தூரம் மட்டும் சுருங்கியது.

மகன் என்றால் ஒன்றரை மணித்தியாலப் பயணத்துக்குச் சம்மதிக்கும் வீடு, மகள் என்றால் பத்தாந் தரத்தோடு நிறுத்தப் பார்க்கிறது. ஆகவே வீடு பார்க்கும்போது மகளின் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மகள் பயமில்லாமல் போய்வரக்கூடிய வழியில் மகனும் போவான்.

கடதாசியில் உள்ள தூரம்

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். பள்ளிக்குப் பக்கத்தில் வீடு எடுத்தால் பள்ளியில் இடம் கிடைத்துவிடும் என்று பல தாய்மார் நம்புகிறார்கள். அப்படி இல்லை.

அரசாங்கப் பாடசாலைகளில் முதலாந் தர அனுமதிக்குக் கல்வி அமைச்சு அறிவுறுத்தல் வெளியிடுகிறது. இடங்களில் பாதி, அதாவது 50 வீதம், அண்மையில் வசிப்பவர்களின் பிள்ளைகளுக்கு. 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. மிகுதி, அங்கே ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதரர், இடமாற்றம் பெற்ற அரச ஊழியரின் பிள்ளைகள் போன்றவர்களுக்கு. யுத்தத்தில் பள்ளி மாறி மாறிப் படித்த எங்கள் பெண்களுக்குப் 'பழைய மாணவி' என்ற வாசல் பெரும்பாலும் மூடியே இருக்கும். மிஞ்சுவது அண்மை என்ற வாசல்தான்.

அந்த வாசலில் இரண்டு திறப்புகள் வேண்டும். ஒன்று, தூரம். வீட்டை மையமாக வைத்து, விண்ணப்பித்த பள்ளிவரை உள்ள நேர்கோட்டுத் தூரத்தில் ஒரு வட்டம் கீறுவார்கள். அந்த வட்டத்துக்குள் உங்கள் பிள்ளை சேரக்கூடிய வேறு அரசாங்கப் பள்ளிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். ஆறு, களப்பு போன்ற இயற்கைத் தடையால் போக முடியாத பள்ளி கணக்கில் வராது. பட்டினமும் சூழலும் பகுதியில் பள்ளிக்கூடங்கள் நெருக்கமாக இருப்பதால், லிங்கநகரிலிருந்து நகரத்துப் பெரிய பள்ளிக்கு விண்ணப்பிப்பவருக்கு இந்த வட்டம் சாதகமாக இருக்காது.

இரண்டாவது திறப்பு, அங்கே வசிக்கிறோம் என்பதற்கான அத்தாட்சி. இதில் முக்கியமானது வாக்காளர் இடாப்பு. ஐந்து வருடப் பதிவுக்குப் புள்ளி உண்டு. பிறகு காணி உறுதி, பதிவுசெய்த குத்தகை ஒப்பந்தம், மின்சார, தண்ணீர்ப் பட்டியல் போன்றவை. இங்கேதான் எங்கள் பெண்கள் விழுந்து போகிறார்கள். உறுதி கணவரின் பெயரில் இருக்கும், கணவர் இல்லை. வாடகை வாய்ப்பேச்சில் நடக்கும், ஒப்பந்தம் இல்லை. வாக்கு இன்னும் பழைய ஊரில் கிடக்கும். மின்சாரப் பட்டியல் முன்வீட்டு உரிமையாளரின் பெயரில் வரும்.

நகரத்தின் நடுவில் அதிக வாடகை கொடுத்து, விரும்பிய பள்ளியின் மணிச்சத்தம் கேட்கும் தூரத்தில் வீடெடுத்த ஒரு தங்கச்சியை எனக்குத் தெரியும். நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது அவளிடம் இருந்தது எட்டு மாத வாடகைத் துண்டு மட்டும். இடம் கிடைக்கவில்லை. மேன்முறையீடும் சரிவரவில்லை. மகளை வேறு பள்ளியில் சேர்த்து, தினமும் ஓட்டோவில் அனுப்பிவிட்டு, வீட்டிலிருந்து அந்த மணிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளி நூறு யார் தூரத்தில் இருந்தது. கடதாசியில் ஐந்து வருடத் தூரத்தில் இருந்தது.

ஆகவே பிள்ளை பிறந்தவுடனேயே இந்த வேலையைத் தொடங்குங்கள். இடாப்புத் திருத்தத்துக்கு விண்ணப்பம் வரும்போது நீங்கள் இப்போது வசிக்கும் விலாசத்தில் உங்கள் பெயரும் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவுசெய்யக் கேளுங்கள். உரிமையாளர் தயங்கினால் பிரதேச செயலகத்தில் எங்களைப் போன்றவர்களிடம் சொல்லுங்கள், வந்து பேசுவோம். கணவர் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராத பெண்களுக்காக 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆள் காணக்கிடைக்கவில்லை என்பதற்கான சான்றிதழ் உண்டு. அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே, சொத்து விடயங்களைப் பார்க்கவும் உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் அது உதவும்.

எது நல்ல பள்ளிக்கூடம்?

சமூகவியல் படித்த காலத்தில் 1966ஆம் ஆண்டுக் கோல்மன் அறிக்கையைப் பற்றி விரிவுரையில் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பாடசாலைகளை ஆராய்ந்த ஜேம்ஸ் கோல்மன் குழுவினர், பிள்ளைகளின் பெறுபேற்றில் காணும் வேறுபாட்டுக்குக் கட்டிடத்தையும் வசதியையும் விட வீட்டுச் சூழலே பெரிய காரணம் என்று கண்டார்கள். பள்ளிக்கூடம் முக்கியமில்லை என்று இதற்குப் பொருளல்ல. பெரிய பள்ளியின் பெறுபேற்றுப் பலகையைப் பார்க்கும்போது, அது வகுப்பறையில் வந்ததா, ரியூஷனில் வந்ததா, கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்து எடுத்ததால் வந்ததா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும் என்பதே பொருள்.

லிங்கநகரில் இன்னொரு தாய், ஹோட்டல் ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறார். நகரத்துப் பள்ளிக்கு முயலாமல், வீட்டுக்குக் கிட்ட உள்ள சிறிய பள்ளியிலேயே மகனைச் சேர்த்தார். சொந்தக்காரர் குறை சொன்னார்கள். அவர் சொன்ன காரணம் இது: "அங்க சேர்த்தா வானுக்கு மாதக் காசு. கூட்டத்துக்கு வரச் சொன்னா எனக்கு அரைநாள் லீவு வேணும். இங்க வேலைக்குப் போற வழியில ரீச்சரைக் காணுவன். பொடியன் வாய்ப்பாடு சொல்லேல்ல எண்டா அண்டைக்கே எனக்குத் தெரியும்." மகன் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்து, ஆறாந் தரத்துக்கு நகரத்துக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தான். இப்போது பன்னிரண்டு வயது. பஸ்ஸில் தானே போய் வருகிறான்.

இந்தத் தாயின் கணக்கில் ஒரு உண்மை இருக்கிறது. பள்ளிக்கூடம் ஒருமுறை தெரிந்துவிட்டால் பதின்மூன்று வருடத்துக்கும் அதுவே என்பதல்ல. முதலாந் தரம், ஆறாந் தரம், உயர்தரம் என்று மூன்று முறை வாசல் திறக்கிறது. சின்ன வயதில் பிள்ளைக்கு வேண்டியது நித்திரையும், தாயின் கண்பார்வையும், தினமும் வகுப்புக்கு வரும் ஒரு ஆசிரியரும். அதற்குக் கிட்ட உள்ள பள்ளியே மேல். ஆறாந் தரத்தில் பிள்ளை கொஞ்சத் தூரம் போகலாம். உயர்தரத்தில் விரும்பிய பாடத்துக்கு ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ அங்கே போகத்தான் வேண்டும். அப்போது தூரத்துக்குப் பொருள் இருக்கிறது. முதலாந் தரப் பிள்ளையைப் பெயருக்காக இரண்டு மணித்தியாலம் அலைய வைத்து, உயர்தரம் வரும்போது காசும் உடம்பும் களைத்துப் போய் நிறுத்தும் குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். செலவழிக்க வேண்டிய காலம் பின்னால் இருக்கிறது. அதற்காக முன்னால் கொஞ்சம் சேமிக்க வேண்டும்.

தூரப் பயணம் தவிர்க்க முடியாதென்றால் உதவிகளைக் கேட்டு எடுங்கள். இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில் மாணவருக்குச் சலுகைப் பருவகாலச் சீட்டு உண்டு. 2005இல் தொடங்கிய 'சிசு செரிய' பாடசாலை பஸ் சேவை உங்கள் வழியில் ஓடுகிறதா என்று பள்ளியில் விசாரியுங்கள். ஓடவில்லை என்றால் பத்துத் தாய்மார் சேர்ந்து கையெழுத்து வைத்துப் பிரதேச செயலகத்துக்கும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் கடிதம் கொடுங்கள். ஒருத்தி கேட்டால் முறைப்பாடு, பத்துப் பேர் கேட்டால் கோரிக்கை.

முற்பணம் கொடுக்க முன்னர்

வீடு பார்க்கப் போகும் சகோதரிகளிடம் நான் சொல்வது இதுதான். விடுமுறை நாளில் வீட்டைப் பார்த்து முற்பணம் கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடம் நடக்கும் ஒரு திங்கட்கிழமை காலையில் போங்கள். அந்த வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசல்வரை, பிள்ளை போகப்போகும் வழியிலேயே போய்ப் பாருங்கள். எத்தனை நிமிடம் எடுத்தது, எந்த இடத்தில் வீதியைக் கடக்க வேண்டும், மழைக்குத் தண்ணீர் நிற்கும் இடம் எது, இருட்டினால் வெளிச்சம் இருக்கிறதா, சந்தியில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பள்ளிக்குள் போய், கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, பெண்பிள்ளைகளுக்குப் பூட்டக்கூடிய மலசலகூடம் இருக்கிறதா, சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றியவர்களில் எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்று கேளுங்கள். அதிபர் உங்களை இருக்கச் சொல்லிப் பேசுகிறாரா, நிற்க வைத்தே அனுப்புகிறாரா என்பதையும் கவனியுங்கள். நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் நீங்கள் தனியாகத்தான் அந்தக் கதிரைக்கு முன்னால் போய் நிற்கப் போகிறீர்கள்.

பிறகு வீட்டுக்கு வந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். வாடகை எவ்வளவு, பஸ் காசு எவ்வளவு, வருடத்தில் எத்தனை மணித்தியாலம், உங்கள் பெயரில் என்ன கடதாசி இருக்கிறது, பிள்ளையைப் பிரிந்திருக்க வேண்டி வருமா என்று ஐந்து வரி போதும். எழுதி முடித்ததும் மகளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். தினமும் அந்த வழியில் நடக்கப் போகிறவள் அவள். அவள் என்ன சொல்கிறாள் என்பதை ஆறாவது வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.